ஆம்பூர் ஷூவும் ஆகாயக் கணக்கும்

ஆம்பூரில் ஒரு ஷூ ஆர்டர் பத்து நாள் தாமதமானால், கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் ஏறும். அப்படி ஏறும்போது அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும் கரைந்துவிடக்கூடும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் ஊர்களில் ‘ஏர் ஷிப்மென்ட்’ என்ற பேச்சு எழுந்தால், முதலாளி தொடங்கி பேக்கிங் பிரிவுப் பெண்கள் வரை எல்லோரையும் பரபரப்பு தொற்றிக்கொள்வது அதனால்தான்.

ஐரோப்பாவின் குளிர்கால பூட்ஸ் இலையுதிர் காலத் தொடக்கத்திலேயே கடைக்கு வந்தாக வேண்டும். இரண்டு மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்தால் தள்ளுபடி விலைக்குத்தான் போகும். இடையில் தடங்கல் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். தோலின் நிறம் பொருந்தாமல் டேனரிக்குத் திரும்பிப் போயிருக்கும். வெளியிலிருந்து வர வேண்டிய சோல் வந்திருக்காது. பையர் சாம்பிளை ஒப்புக்கொள்ளவே நாள் கடத்தியிருப்பார். தவறு தயாரிப்பாளர் பக்கம் என்று முடிவானால் விமானச் செலவு அவர் தலையில்தான் விழும்.

அந்தச் செலவு எடையை மட்டும் பார்த்து வருவதில்லை; பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் வருவது ‘கன அளவு எடை’. உண்மையான எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 33, 20, 12 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு ஷூ பெட்டியைப் பெருக்கினால் 7,920, வகுத்தால் 1.32 கிலோ. உள்ளே இருக்கும் பெண்கள் ஷூ முக்கால் கிலோதான் என்றாலும் கட்டணம் 1.32 கிலோவுக்கு. பேச்சுக்கு, கிலோவுக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஜோடிக்கு 264 ரூபாய் ஆகிறது. பத்தாயிரம் ஜோடிக்கு 26 லட்சத்து 40 ஆயிரம். முழங்கால் வரை வரும் பூட்ஸ் என்றால் பெட்டி இன்னும் பெரிது, காற்றும் இன்னும் அதிகம். பாதிக்குப் பாதி காற்றைக் காசு கொடுத்து ஐரோப்பாவுக்கு அனுப்புவதாகிவிடுகிறது.

ஷூவின் மேல்பாகமான அப்பர் மட்டும் அனுப்பும் கம்பெனிகளுக்கு இந்த வலி குறைவு. அப்பர்களை அடுக்கி அடுக்கி நெருக்கமாகக் கட்டலாம். எடைக்கு ஏற்ற மதிப்பும் உண்டு. இந்த வட்டாரம் பல ஆண்டுகள் ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு அப்பர் தைத்துக் கொடுத்தே வளர்ந்தது.

அதற்கும் முன்னால் இங்கிருந்து போனது பதனிட்ட தோல் மட்டுமே. ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்ட ‘ஈஸ்ட் இந்தியா’ தோல், கட்டுக் கட்டாக மதராஸ் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குக் கப்பலேறியது. அது ஒரு மாதம் கழித்துப் போனாலும் கெட்டுப்போகாது, மோஸ்தர் மாறாது. 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து கச்சாத் தோல் ஏற்றுமதியை மத்திய அரசு நிறுத்தி, அரைப்பதத் தோலையும் கட்டுப்படுத்தத் தொடங்கியது. அதன் பிறகுதான் முழுதாகப் பதனிட்ட தோல், அப்பர், ஷூ என்று மதிப்பு மேலேறியது. மதிப்போடு அவசரமும் ஏறியது. தோல் விற்றவர்களுக்குத் துறைமுகம் போதுமாக இருந்தது. ஷூ விற்பவர்களுக்கு விமான நிலையமும் வேண்டும்.

உலக வணிகத்தில் விமானத்தில் போகும் சரக்கு அளவில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. மதிப்பிலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதில் ஏறத்தாழப் பாதி, தனிச் சரக்கு விமானத்தில் அல்ல, நாம் சீட்டில் உட்கார்ந்து போகும் பயணிகள் விமானத்தின் வயிற்றில் போகிறது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் பயணிகள் விமானங்கள் நின்றபோது சரக்குக் கட்டணம் பல மடங்கு எகிறியது இதனால்தான். பயணிகள் இல்லாத விமானங்களின் சீட்டுகள் மீதே முகக்கவசப் பெட்டிகளைக் கட்டி அனுப்பிய காலம் அது.

ஆகவே சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கு எத்தனை பெரிய விமானங்கள் நேராகப் பறக்கின்றன என்பது ஆம்பூர்க்காரருக்கும் உரிய கேள்வி. பதில் தெம்பு தருவதாக இல்லை. நெடுங்காலமாக நிலைத்து நிற்பவை இரண்டு: பிரிட்டிஷ் ஏர்வேஸின் லண்டன் விமானமும் லுஃப்தான்சாவின் ஃபிராங்ஃபர்ட் விமானமும். ஜெட் ஏர்வேஸ் 2007-இல் சென்னையிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக நியூயார்க் பறந்தது. அந்தத் தடம் நிலைக்கவில்லை. அதே நிறுவனம் 2017 அக்டோபரில் சென்னை–பாரிஸ் தொடங்கியது. 2019 ஏப்ரலில் நிறுவனமே நின்றுபோனது. 2021-இல் ஏர் பிரான்ஸ் அதே பாரிஸ் தடத்தில் வந்தது, அதுவும் தொடரவில்லை.

ஏன் இப்படி? விமான நிறுவனத்தின் கணக்கேட்டைப் புரட்டினால் விளங்கும்.

சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட் சுமார் 7,600 கிலோமீட்டர். பத்து மணி நேரம். போய், இறங்கி, துடைத்து, நிரப்பி, திரும்பி வர ஏறக்குறைய ஒரு நாள். தினசரி சேவை என்றால் ஒரு விமானத்தை அந்தத் தடத்துக்கே எழுதி வைத்தாற்போல. போயிங் 787-9 விமானம் ஒன்றின் பட்டியல் விலை 29 கோடி டாலருக்கு மேல். பேரம் பேசிப் பாதியாகக் குறைத்து வாங்கினாலும், அந்தப் பணத்துக்கான வட்டியும் வாடகையும் விமானம் காலியாகப் பறந்தாலும் நிற்காது. இரண்டு விமானிகள் போதாது. ஓய்வு மாற்றி ஓட்ட மூன்று, நான்கு பேர் வேண்டும். கடக்கும் நாடுகளுக்கெல்லாம் வான்வழிக் கட்டணம் கட்ட வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய செலவு எரிபொருள். விமான நிறுவனங்களின் மொத்தச் செலவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அதற்கே போகிறது. 787 போன்ற சிக்கன விமானமே மணிக்கு ஐந்து டன்னுக்கு மேல் குடிக்கிறது. நெடுந்தூரப் பயணத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. கடைசி ஒரு மணி நேரத்துக்கான எரிபொருளைப் புறப்படும்போதே சுமந்தாக வேண்டும். சுமப்பதற்கும் எரிபொருள் செலவாகும். ஒரு டன் கூடுதலாக ஏற்றினால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அதில் மூன்று, நான்கு சதவீதம் அதைச் சுமந்ததற்காகவே எரிந்துபோகும் என்பது விமானத் துறையின் கைக்கணக்கு. பத்து மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி. தூரம் இரண்டு மடங்கானால் செலவு இரண்டு மடங்கோடு நிற்காது.

இந்தச் சுமையின் உச்சம் சிங்கப்பூர்–நியூயார்க் தடம். 15,300 கிலோமீட்டருக்கு மேல். பதினெட்டு மணி நேரத்துக்கும் அதிகம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-இல் நான்கு இன்ஜின் கொண்ட ஏ340-500 விமானத்தில் இதைத் தொடங்கியது. பிறகு சாதாரண வகுப்பையே எடுத்துவிட்டு வெறும் நூறு பிசினஸ் இருக்கைகளோடு பறந்து பார்த்தது. அப்படியும் எரிபொருள் விலை தாங்காமல் 2013-இல் நிறுத்தியது. இரண்டு இன்ஜின் ஏ350 வந்த பிறகு 2018 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது: மொத்தம் 161 இருக்கை, அதில் 67 பிசினஸ், மீதி பிரீமியம் எகானமி. சாதாரண வகுப்பு இதிலும் இல்லை.

முன்வரிசையின் பலம் அத்தகையது. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில், சர்வதேசப் பயணிகளில் இருபதில் ஒருவர்தான் முதல் வகுப்பிலோ பிசினஸ் வகுப்பிலோ பறந்தார். பயணச்சீட்டு வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அந்த ஒருவர்தான் தந்தார். பின்வரிசை நிரம்பி வழிந்தாலும் முன்வரிசை காலியாக இருந்தால் நெடுந்தூரத் தடம் நிலைக்காது. சென்னையை பெங்களூர் முந்தியது இந்த இடத்தில்தான். அங்கிருந்து ஐரோப்பாவுக்கு ஃபிராங்ஃபர்ட், மியூனிக், லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று தடங்கள் திறந்தன. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோவுக்கும் பெங்களூருக்கும் இடையே கிட்டத்தட்ட 14,000 கிலோமீட்டர் நேரடி சேவையைத் தொடங்கியது. கம்பெனிச் செலவில் பறக்கும் கணினித் துறை மேலாளர்களே அந்த ஊரின் முன்வரிசை.

ஆம்பூர் பெங்களூருக்கும் சென்னைக்கும் நடுவில், தேசிய நெடுஞ்சாலை 48-இல் இருக்கிறது. அதன் முன்வரிசைப் பயணிகளும் வயிற்றுச் சரக்கும் இரண்டு பக்கமும் பிரிந்து போகின்றன. மிலானில் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் லீனியாபெல்லே தோல் கண்காட்சிக்கும் மீக்காம் ஷூ கண்காட்சிக்கும் இந்த வட்டாரத்திலிருந்து தவறாமல் ஆள் போகிறார்கள். சென்னையிலிருந்து மிலானுக்கு நேரடி விமானம் இல்லை. துபாயிலோ தோஹாவிலோ ஃபிராங்ஃபர்ட்டிலோ மாறித்தான் போக வேண்டும்.

மாறிப் போவதற்கும் ஒரு கணக்கு உண்டு. சென்னை–மிலான் விமானம் விட்டால் மிலான் போகிறவர் மட்டுமே ஏறுவார். ஒரு நாளைக்கு அப்படி எத்தனை பேர்? சென்னை–துபாய் விமானத்திலோ மிலான் போகிறவர், நியூயார்க் போகிறவர், நைரோபி போகிறவர், துபாயிலேயே வேலை செய்கிறவர் எல்லோரும் ஏறுவார்கள். நாலா திசை ரயிலும் வந்து ஆள் மாற்றிக்கொண்டு போகும் காட்பாடி ஜங்ஷனின் வேலையைத்தான் துபாய் ஆகாயத்தில் செய்கிறது. வளைகுடா நிறுவனங்கள் இன்னும் இருக்கை கேட்கின்றன. இந்திய அரசு துபாய்க்கென்று வைத்திருக்கும் உச்சவரம்பு வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கைதான். நம் ஊர் விமான நிறுவனங்கள் வளர இடம் வேண்டும் என்பது அரசின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் சென்னையிலிருந்து நம் நிறுவனம் எதுவும் இன்று ஐரோப்பாவுக்கு நேராகப் பறப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இண்டிகோ 2025 ஜூலையில் ஐரோப்பியத் தடங்களைத் தொடங்கியபோது புறப்பட்டது மும்பையிலிருந்து.

கூட்டம் குறைந்த, தூரத்து ஊர்களுக்கு விமானம் போகவே போகாதா? போகிறது. மூன்று விதமாகப் போகிறது.

ஒன்று, உறவு. மொரீஷியஸுக்கு அருகே இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களின் வம்சாவளியினர் பெருமளவில் இருக்கிறார்கள். அந்தத் தீவின் ஏர் ஆஸ்திரல் நிறுவனம் சுமார் 4,600 கிலோமீட்டர் கடலைத் தாண்டிச் சென்னைக்கு நேரடி சேவை நடத்தியிருக்கிறது. கோயில் தரிசனம், துணி, நகை, மூதாதையர் ஊர் தேடுதல் என்று அதற்கென ஒரு பயணிக் கூட்டம் இருக்கிறது. சிறிய விமானம், வாரத்தில் சில நாள் மட்டும் என்ற அளவோடு வைத்ததால் அது சாத்தியமானது.

இரண்டு, அரசுப் பணம். தெற்கு அட்லாண்டிக்கில் நெப்போலியனைச் சிறைவைத்த செயிண்ட் ஹெலினா தீவில் சில ஆயிரம் பேர்தான் வசிக்கிறார்கள். அங்கே பிரிட்டன் 28 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்து விமான நிலையம் கட்டியது. 2016-இல் திறக்க நாள் குறித்த பிறகு, மலைச் சரிவில் சுழலும் காற்று பெரிய விமானங்களுக்கு ஆபத்து என்று தெரியவந்தது. 2017 அக்டோபர் 14 அன்றுதான் ஜோகன்னஸ்பர்கிலிருந்து முதல் வழக்கமான விமானம் இறங்கியது. வாரம் ஒரு சிறிய ஜெட். லாப நட்டக் கணக்கில் அது ஒருபோதும் நேராகாது. தீவு மக்களுக்கு வெளியுலகத் தொடர்பும் அவசர சிகிச்சைக்கு வழியும் வேண்டும் என்பதற்காகப் பறக்கிறது. அப்படிச் செலவழிப்பதில் தவறே இல்லை.

மூன்று, ஒற்றை நிறுவனத்தின் பிடி. சிலியின் ஈஸ்டர் தீவு சான்டியாகோவிலிருந்து 3,700 கிலோமீட்டர். இறங்க முடியாமல் போனால் பக்கத்தில் வேறு ஓடுபாதை இல்லை என்பதால், ஒரு விமானம் இறங்கி முடியும் வரை அடுத்தது திரும்பிப் போக முடியாத தூரத்தைத் தாண்டி வரக்கூடாது என்று விதியே இருக்கிறது. அந்தத் தடத்தில் லாட்டாம் நிறுவனம்தான் எல்லாம். சுற்றுலாப் பயணிகள் மேலே, தீவுக்கான காய்கறியும் சாமானும் கீழே வயிற்றில். இரண்டும் சேர்ந்துதான் அந்த விமானத்தைத் தூக்குகின்றன.

இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு வேலூருக்கு வருவோம்.

வேலூர் நகரை ஒட்டிய அப்துல்லாபுரத்தில், இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அமைந்த பழைய விமான தளம் ஒன்று உண்டு. சிறு ஊர்களுக்கு மானியம் கொடுத்து விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் அது தேர்வாகி, முனையமும் ஓடுபாதையும் புதுப்பிக்கப்பட்டன. 19 இருக்கை போன்ற சிறு விமானங்களுக்கான நிலையம் அது. சென்னைக்கும் பெங்களூருக்கும் பறக்கலாம் என்பது எண்ணம். ஆண்டுகள் ஓடின, வழக்கமான பயணிகள் சேவை வரவில்லை. மக்கள் கோபப்படுவது இயல்பு. ஆனால் வேலூரிலிருந்து சென்னை 140 கிலோமீட்டர். வீட்டிலிருந்து கிளம்பி அப்துல்லாபுரம் போய், சோதனை முடித்து, பறந்து, மீனம்பாக்கத்தில் இறங்கி வெளியே வரும் நேரத்துக்குள் கார் சென்னையைத் தொட்டுவிடும்.

உடான் திட்டத்தைப் பற்றி மத்திய தணிக்கைத் துறை 2023-இல் வெளியிட்ட அறிக்கை கவலை தருவது. முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய 774 தடங்களில் தொடங்கியவையே 371. அவற்றில் மூன்றாண்டு மானியக் காலத்தை முடித்தவை 112. மானியம் நின்ற பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54 மட்டுமே. சேலத்தில் 2018 மார்ச்சில் தொடங்கிய சென்னை விமானம் நின்றுபோய், 2023 அக்டோபரில்தான் மீண்டும் வந்தது. சேலம் சென்னையிலிருந்து 340 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் அங்கே விமானத்துக்குப் பொருள் உண்டு.

வேலூரின் உண்மையான பயணத் தேவை வெகு தூரத்தில் இருக்கிறது. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வருகிறார்கள். வி.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்கு நாடு முழுவதிலுமிருந்து மாணவர்கள் வருகிறார்கள். தோல்காரர்கள் மிலானுக்கும் ஹாங்காங்குக்கும் போகிறார்கள். கொல்கத்தாவிலிருந்து ஒரு நாளுக்கும் மேல் ரயிலில் உட்கார முடியாத புற்றுநோயாளிக்கு விமானம் ஆடம்பரமே அல்ல. ஆனால் கொல்கத்தா வரை ஜெட் பறக்க அப்துல்லாபுரத்தின் குட்டை ஓடுபாதை போதாது. தேவை தூரத்தில் இருக்க, ஓடுபாதையைக் கிட்டத்து ஊர்களுக்காகக் கட்டியிருக்கிறோம்.

அதனால் இந்த வட்டாரத்தின் ஆகாயப் பிரச்சினைக்குத் தீர்வு தரையிலும் சென்னையிலும்தான் இருக்கிறது. ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கமாக வரும் 262 கிலோமீட்டர் சென்னை–பெங்களூர் விரைவுச்சாலை முடிந்தால், ஷூ லாரிக்கும் நோயாளியின் காருக்கும் இரண்டு விமான நிலையங்களும் நெருங்கும். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர், மீனம்பாக்கத்தைவிட வேலூருக்குப் பக்கம். ஆனால் அங்கே ஏரியும் வயலும் இழக்கப்போகும் ஏகனாபுரம் மக்கள் தொடர்ந்து போராடி வருகிறார்கள். தோல் தொழிலால் பாலாறு கெட்டு, 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வாங்க நேர்ந்த ஊர்க்காரர்களுக்கு, நீரையும் நிலத்தையும் இழப்பதன் விலை தெரியும். அந்த விலையை விட்டுவிட்டுப் போடும் எந்தக் கணக்கும் சரியான கணக்கல்ல.

இதற்கிடையே ஒரு நல்ல வாய்ப்பு வந்திருக்கிறது. ஏர்பஸ் ஏ321 எக்ஸ்.எல்.ஆர். என்ற குறுகலான விமானம் 2024 நவம்பரில் ஐபீரியா நிறுவனத்தில் சேவைக்கு வந்தது. சுமார் 200 பேரை ஏற்றிக்கொண்டு 8,700 கிலோமீட்டர் வரை பறக்கக்கூடியது. சென்னை–ஃபிராங்ஃபர்ட் தூரம் அதற்குள் அடங்கும். முந்நூறு பேரைத் தேட வேண்டாம், இருநூறு பேர் கிடைத்தால் போதும். இண்டிகோவும் இந்த விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. ஆனால் அதன் வயிறு சிறியது, சரக்குக்கு இடம் குறைவு. ஷூ பெட்டிகளுக்கு அகலமான விமானமே வேண்டும். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பத்து, பதினைந்து நாள் கூடுதலாக அலைந்தபோது, விமானத்தில் இடம் கிடைப்பதன் அருமை ஒவ்வொரு ஷூ கம்பெனிக்கும் தெரிந்தது.

விமான நிறுவனம் ஒரு ஊருக்கு வருவதற்கு முன் பார்ப்பது மூன்று எண்களை: முன்வரிசையில் ஆண்டுக்கு எத்தனை பேர், வயிற்றில் எத்தனை டன், எந்தெந்த மாதம். பெங்களூரின் கணினித் துறை அந்த எண்களைக் காட்ட முடிந்தது. தோல் வட்டாரத்தின் எண்கள் நூறு கம்பெனிகளின் தனித்தனிக் கணக்குப் புத்தகங்களில், நூறு டிராவல் ஏஜென்டுகளின் கணினிகளில் சிதறிக் கிடக்கின்றன. சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் தோல் ஏற்றுமதி மன்றம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழில் சங்கங்களோடு உட்கார்ந்து, கடந்த ஐந்தாண்டுகளின் விமானச் சரக்கையும் வெளிநாட்டுப் பயணங்களையும் ஒரே அட்டவணையாகத் தொகுக்க வேண்டும். சி.எம்.சி.யும் வி.ஐ.டி.யும் தங்கள் பங்கு எண்களைச் சேர்க்க வேண்டும். அடுத்த முறை சென்னையில் பன்னாட்டுத் தோல் கண்காட்சி நடக்கும்போது, அரங்குகளில் தோலையும் ஷூவையும் காட்டுவதோடு, விமான நிறுவனங்களின் அதிகாரிகளை அழைத்து அந்த அட்டவணையை அவர்கள் முன் வைக்க வேண்டும்.